24 வயதுக் கப்பலில் ஏறலாமா? துரு, தகடு, ஒடிதல்

கேள்வி, ஜூன் 2

என் மச்சினன் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, நிலக்கரி, தாது மாதிரிச் சரக்கைக் கொட்டி ஏற்றும் பல்க் கேரியர் ஒன்றில் ஏறப்போகிறான். கப்பலுக்கு 24 வயது. பழைய கப்பல் துருப்பிடித்து ரெண்டாக ஒடிந்த படம் ஒன்றை யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவிட, மாமியார் வீட்டில் ஒரே ஒப்பாரி. எனக்கு நம்பிக்கையில்லை. கப்பல் தகடு ஒன்றரை இஞ்சாவது இருக்கும். மேலாகத் துரு ஏறினால் சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் முடிந்தது. துருவால் கப்பல் ஒடியும் என்பது கட்டுக்கதைதானே?

ஜூன் 2, இரவு 9.50

கட்டுக்கதை இல்லை. ஒன்றரை இஞ்சும் இல்லை.

கப்பல் தகட்டின் கனத்தை அளக்கும் வேலைதான் பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டது. கேஜிங் என்போம். தூத்துக்குடியில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு ஊர் ஊராக டிரை டாக், கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் இடம். 200 மீட்டர் பல்க் கேரியரின் பக்கத் தகடு, புதுசாக இருக்கும்போதே பல இடங்களில் 15 முதல் 20 மில்லிதான். அதை நூறில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். கட்டில் நீளத்துக்கு ஒரு பெட்டி, அதற்கு 0.2 மில்லிகூட வராத தகரம். வீட்டில் 15 கிலோ எண்ணெய் டின் இருந்தால் விரலால் அமுக்கிப் பாருங்கள், அந்தத் தகரம் இதைவிடக் கனம். இந்தப் பெட்டியில்தான் நிலக்கரியைக் கொட்டி அலைமேல் விடுகிறார்கள்.

ஜூன் 2, இரவு 10.15

டின் உதாரணத்தைப் போட்ட கால் மணி நேரத்தில் ஒரு மெக்கானிக்கல்காரர் வந்துவிட்டார். டின்னுக்கு விலா எலும்பு கிடையாது, கப்பலுக்கு உண்டு, ஒப்பிட்டதே தப்பு என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விலா தகட்டோடு சேரும் வெல்டு ஓரத்தில்தான் துரு முதலில் பாய் விரிக்கும். மீதி நாளைக்கு. கரண்ட் போய்விட்டது.

ஜூன் 3, காலை 6.30

ஒடிவது எப்படி என்று சொல்கிறேன்.

கல்யாண வீட்டு நீள பெஞ்சில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் பலகை தொய்யும். பலகையின் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நெருங்கும். கப்பலுக்கும் இதே கதைதான். கப்பல் நீளத்துக்கே ஓர் அலை வந்து அதன் முகடு நடுவில் தாங்கினால் முன்னும் பின்னும் தொங்கும், மேல்தளமான டெக் இழுபடும். அடுத்த சில விநாடியில் முகடு இரண்டும் முனைகளுக்குப் போய்விட, நடு வயிறு தொங்கும், டெக் நெருங்கும். ஒரு புயல் ராத்திரியில் இது ஆயிரக்கணக்கான தடவை. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதேதான்.

இதில் பாரம் சுமப்பது மேலே டெக், கீழே அடித்தகடு. நடு உயரத்தில் இருக்கும் பக்கத் தகட்டுக்கு இந்த வளைவு அவ்வளவாகத் தெரியாது (அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்). ஆக, எவ்வளவு மில்லி போனது என்பது பாதிக் கேள்வி. எந்த இடத்தில் போனது என்பதுதான் மீதி. புதுக் கப்பலுக்கு விதி கேட்கும் வளைவுத் தாங்குதிறனில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று கிளாஸ் சங்கங்கள் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள்) கோடு போட்டிருக்கின்றன.

இழுபடுவதைவிட நெருங்குவது மோசம். விசிட்டிங் கார்டை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் கிழியாது, உள்ளே தள்ளினால் சட்டென்று மடங்கும். மடங்கும் எல்லை தகட்டுக் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மில்லி 16 ஆனால் கனத்தில் போனது ஐந்தில் ஒரு பங்கு. மடங்காமல் நிற்கும் சக்தியோ 0.8 பெருக்கல் 0.8, அதாவது 0.64. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒரு தகடு மடங்கினால் அதன் பாரத்தைப் பக்கத்துத் தகடு வாங்கும். அதுவும் மெலிந்ததுதானே.

ஜூன் 3, மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் சுருக்கமாக. எந்தக் கப்பல் ஒடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். 1980இல் டெர்பிஷயர். 1991இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கிர்கி, முன்பக்கமே கழன்று விழுந்தது. 1997இல் ஜப்பான் கடலில் நகோத்கா. 1999இல் பிரான்ஸுக்கு வெளியே எரிகா. 2002இல் ஸ்பெயினுக்கு வெளியே பிரெஸ்டீஜ். 2017இல் தென் அட்லாண்டிக்கில் ஸ்டெல்லார் டெய்சி, இருந்த 24 பேரில் 22 பேர் திரும்பவில்லை. 2024 டிசம்பரில் கெர்ச் ஜலசந்தியில் வோல்கோநெஃப்ட் கப்பல்கள், அரை நூற்றாண்டு வயது.

ஜூன் 3, இரவு 11.05

காலையில் போட்ட 0.64 கணக்கை மெக்கானிக்கல்காரர் பிடித்துக்கொண்டார். அது மெல்லிய தகட்டுக்குத்தான் அப்படியே பொருந்தும், கனமான தகடு மடங்கும் முன்பே இளக (உருகுவதல்ல, பாரத்தில் நிரந்தரமாக உருக்குலைய) ஆரம்பிக்கும் என்கிறார். சரி. கனத் தகட்டில் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனால் துரு தின்னத் தின்னக் கனத் தகடும் மெல்லிய தகடாகத்தானே மாறுகிறது?

ஜூன் 4, காலை 7.00

எரிகாவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒடிந்தபோது அதற்கும் 24 வயதுதான். உங்கள் மச்சினனைப் பயமுறுத்த இல்லை, எண் பொருந்திவிட்டது.

1975இல் ஜப்பானில் கட்டிய டேங்கர், மால்டா கொடி. டன்கிர்க்கில் சுமார் 31,000 டன் கனரக எரிஎண்ணெய் ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குக் கிளம்பியது. கேப்டன் முதல் சமையல்காரர் வரை 26 பேரும் இந்தியர்கள். பிஸ்கே விரிகுடாப் பக்கம் புயல். டிசம்பர் 11ஆம் தேதி கப்பல் சாய்ந்தது, டெக்கில் விரிசல் தெரிந்தது. எண்ணெயையும், எடைக்காக நிரப்பும் பேலஸ்ட் தண்ணீரையும் மாற்றி மாற்றி இறைத்து நிமிர்த்தப் பார்த்தார்கள். மறுநாள் காலை ரெண்டாகப் போய்விட்டது. 26 பேரையும் ஹெலிகாப்டரில் உயிரோடு தூக்கினார்கள். கரை சேர்ந்த கேப்டனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சுமார் 20,000 டன் எண்ணெய் கடலில், 400 கிலோமீட்டர் கரை நாசம்.

ஒடிவு தொடங்கியது வலப்பக்க இரண்டாம் எண் பேலஸ்ட் டேங்கை ஒட்டி என்று விசாரணை சொன்னது. உள்ளே துரு. பேலஸ்ட் டேங்கை நினைத்துப் பாருங்கள். சரக்கு இல்லாதபோது கடல்நீரை நிரப்புவார்கள், சரக்கு வந்தால் இறைத்துவிடுவார்கள். நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்து, உப்பு மட்டும் தங்கிவிடும். பக்கத்து டேங்கில் கனரக எண்ணெய். அதைச் சூடாக வைத்தால்தான் இறைக்க முடியும். ஆக நடுச்சுவரின் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் உப்பு ஈரம். துருவுக்கு இதைவிட நல்ல சமையலறை கிடைக்காது.

எரிகா மாதிரி டேங்கரில் நான் வேலை செய்திருக்கிறேன். மேன்ஹோல் வழியாக இறங்கினால் முதலில் வாசனை, பிறகு நாக்கைக் கடித்தால் வரும் ரத்த ருசி. டார்ச் வெளிச்சத்தில் சுவரெல்லாம் பொருக்கு. சிப்பிங் ஹேமரால் ஒரு தட்டுத் தட்டினால் அப்பளம் சைஸில் பெயர்ந்து விழும். விழுவதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, துரு பல மடங்கு உப்பும், ஒரு மில்லி இரும்பே பல மில்லி கனத்துக்கு நிற்கும். பயப்பட வேண்டியது சத்தத்துக்குத்தான். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்தக் காது வேண்டும். நல்ல தகடு கணீரென்னும். மெலிந்தது பொத்தென்னும்.

டேங்கில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ரப்பர் ராஃப்டில் மிதந்துகொண்டே அளப்போம். தண்ணீர் ஏற ஏற நாங்களும் ஏறுவோம். பொருக்கைச் சுரண்டி, ஜெல் தடவி, மீட்டரின் முனையான புரோபை வைத்து, எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். கீழே ஒருவன் எழுதுவான். அளந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எண். அப்படி மேல் வரிசைவரை அளந்து முடிப்போம்.

ஜூன் 4, காலை 7.20

"கீழே ஒருவன்" என்று எழுதியிருக்கிறேன். ராஃப்டில் கீழே ஏது? அவனும் ராஃப்டில்தான், முழங்காலில் பேட் வைத்துக்கொண்டு. நனைந்த பேட்.

ஜூன் 5, இரவு 8.45

டெர்பிஷயரைப் பட்டியலில் சேர்த்தது என் தப்பு. ஒரு பழைய மேட் (கப்பல் அதிகாரி) இங்கேயே சுட்டிக்காட்டி, கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டார். அந்தக் கப்பலுக்கு வயது நாலு. ஜப்பானுக்குத் தெற்கே புயலில் போனது, 44 பேர். கடலடியில் தேடிப் பார்த்தபின் விசாரணை சொன்ன காரணம், முன்பகுதியில் தண்ணீர் புகுந்து, முகப்பு தாழ்ந்து, ஹேட்ச் கவர்கள், அதாவது சரக்குக் கிடங்கின் மூடிகள், அலையில் நசுங்கியது. துரு அங்கே கதாநாயகன் இல்லை. 2013இல் ஏமனுக்கு அப்பால் ரெண்டாக ஒடிந்த எம்ஓஎல் கம்ஃபர்ட்டுக்கும் வயது அஞ்சுதான். ஆக, ஒடிந்ததெல்லாம் துருவும் இல்லை, கிழமெல்லாம் ஒடிவதும் இல்லை.

டெர்பிஷயர் இருந்த இடத்தில் மரீன் எலக்ட்ரிக்கை வையுங்கள். 1944இல் போர்க்காலத்தில் கட்டிய டேங்கர், பிறகு நிலக்கரிக் கப்பலாக மாற்றியது. 1983 பிப்ரவரி 12, வர்ஜீனியாவுக்கு வெளியே, உறையும் தண்ணீர். 34 பேரில் 31 பேர் போனார்கள். ஹேட்ச் கவரில் துரு ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஒட்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்த கப்பல். அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தண்ணீரில் குதித்து மீட்கும் நீச்சல்காரர்களை வைத்தது, சோதனையையும் இறுக்கியது.

ஜூன் 6, மாலை 5.30

"பக்கத் தகட்டுக்கு வேறு வேலை" என்று 3ஆம் தேதி எழுதிவிட்டு மறந்துபோனேன்.

பல்க் கேரியரின் ஹோல்டு பெரிய கிடங்கு. பக்கவாட்டில் வரிசையாக ஃபிரேம்கள், முன்பு பேசிய விலா எலும்புகள், நிற்கும், மேலும் கீழும் அவற்றைப் பிடிக்கும் பிராக்கெட். எங்கள் ஊர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில்தான் வருகிறது, அதனால் இதை நேராகப் பார்த்திருக்கிறேன். நிலக்கரி அள்ளும் இரும்புக் கை, கிராப், இறங்கும்போது ஃபிரேமில் இடிக்கும். கடைசியில் மூலையில் கிடப்பதை வழிக்க ஹோல்டுக்குள் பொக்லைன் இறக்குவார்கள், அது இன்னும் நாலு இடி. இடித்த இடத்தில் பெயிண்ட் போச்சு. நிலக்கரியில் கந்தகம், அதோடு ஈரம், சுவரில் வியர்வை. மிச்சத்தை அமிலம் பார்த்துக்கொள்ளும்.

மோசமான இடம், ஃபிரேம் தகட்டில் சேரும் வெல்டு ஓரம். அங்கே துரு பரவலாகத் தின்னாது, கத்தியால் கீறின மாதிரி ஒரு பள்ளம் ஓடும். ஃபிரேமின் நடுவில் அளந்தால் 10 மில்லி காட்டும், வெல்டை ஒட்டி அதில் பாதி இருக்காது. நாலு ஃபிரேம் கழன்றால் பக்கத் தகடு வெறும் தோல். அலை உதைத்து உதைத்து ஒருநாள் கிழியும். ஹோல்டில் இரும்புத் தாது இருந்தால் அது கனம், குவியல் கொஞ்சமாகத்தான் இருக்கும், மேலே அவ்வளவும் காலி இடம். அந்த இடம் முழுக்கத் தண்ணீர் ஏறும். நடுச் சுவர் தாங்காமல் அடுத்த ஹோல்டுக்குப் போகும். படகு இறக்க நேரம் கிடைக்காது. 1990ஐ ஒட்டிய வருஷங்களில் பழைய பல்க் கேரியர்கள் இப்படி வரிசையாகக் காணாமல் போயின. அதன் பிறகுதான் 1993இல் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற கடுமையான சர்வே முறை வந்தது. பல்க் கேரியருக்கென்று, கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸில் 12ஆம் அத்தியாயம் 1999 ஜூலையில் அமலானது.

ஜூன் 6, மாலை 5.50

கையெட்டும் தூரம் என்றால் நிஜமாகவே கையெட்டும் தூரம். விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஹோல்டு அடியில் நின்று பைனாகுலரில் பார்த்த சர்வேயர் ஒருவரையும் எனக்குத் தெரியும். கழுத்து வலி என்றார்.

ஜூன் 7, இரவு 9.15

ஜிங்க் கட்டி மாட்டினால் துரு வராதே என்று ஒருவர். வராது, தண்ணீருக்குள் இருக்கும்வரை. அனோடு என்பது தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும் கட்டி. நடுவில் கடல்நீர் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு தகட்டுக்குப் போய்ச் சேரும். டேங்க் காலியாக இருக்கும் நாளில் அது சும்மா தொங்கும் உலோகம். டேங்கை நிரப்பினாலும் டெக்குக்கு அடியில் காற்று சிக்கி நிற்கும் ஒரு சாண் இடம் நனையாது. அந்த இடத்துக்கு மேலே வெயிலில் கொதிக்கும் டெக், கீழே உப்பு ஆவி. டெக்தான் கப்பலின் மேல் எலும்பு என்று 3ஆம் தேதி சொன்னேன். ஜிங்க் எட்டாத இடமும் அதுதான்.

ஒரு கப்பலில் அனோடெல்லாம் பத்து வருஷத்துக்குப் பிறகும் மொழுமொழுவென்று தேயாமல் இருந்தது. போசனுக்கு (மாலுமிகளின் தலைவர்) ஒரே பெருமை, "நம்ம டேங்கு சுத்தம்". கிட்டே போய்ப் பார்த்தால், சுவருக்குப் பெயிண்ட் அடித்த கையோடு ஜிங்க்குக்கும் சேர்த்து ரெண்டு கோட்டிங் போட்டிருந்தார்கள்.

ஜூன் 7, இரவு 10.40

துருவைப் பற்றிப் பேசிக்கொண்டே மச்சினனுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். கப்பல் ஒடிவதற்கு முன்பே துரு ஆளைக் கொல்லும்.

துரு ஏறுவது என்றால் இரும்பு ஆக்ஸிஜனைச் சாப்பிடுவது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டேங்கில் காற்று இருக்கும், ஆக்ஸிஜன் இருக்காது. வாசனை வராது, மூச்சும் முட்டாது, கால் துவளும், அவ்வளவுதான். 2007இல் வட கடலில் வைக்கிங் ஐலே என்ற கப்பலின் நங்கூரச் சங்கிலி அறையில் மூன்று பேர் இப்படித்தான் செத்தார்கள். சங்கிலியின் துருவே அறைக் காற்றைத் தின்றிருந்தது. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போனார்.

என் அனுபவத்தில் ஒரு தடவை ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம், 20.9 சதவீதம். சரியென்று இறங்கினேன். நடு ஏணியில் இடுப்பில் இருந்த மீட்டர் அலற ஆரம்பித்தது, 17. மேலே வெளிக்காற்று புகுந்திருக்கிறது, கீழே புகவில்லை. கயிறு குட்டையாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் லிஃப்ட் மணி அடித்தால் எனக்கு வயிறு ஒருமாதிரி ஆகும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: யார் அவசரப்படுத்தினாலும், அளவு எழுதிய பெர்மிட் இல்லாமல் மேன்ஹோலுக்குள் தலையை விடக் கூடாது.

ஜூன் 8, காலை 6.15

புதுக் கப்பல் நல்ல இரும்பு, துருத் தாங்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய தலைகீழ். சாதாரண கப்பல் எஃகு 235 மெகாபாஸ்கலில் இளகும். உயர் ரகம் 315, 355 தாங்கும். தாங்குகிறதே என்று கட்டும்போதே தகட்டை மெலிசாகப் போட்டார்கள். எடை மிச்சம், சரக்கு லாபம். துருவுக்கு ரகம் தெரியாது, வருஷத்துக்கு எவ்வளவு தின்னுமோ அவ்வளவு தின்னும். 20 மில்லியில் 3 போனால் 15 சதவீதம், 15 மில்லியில் 3 போனால் 20. மடங்கும் கணக்கில் உயர் ரகம் பெரிதாக உதவாது, ரெண்டு இரும்புக்கும் விறைப்பு ஒன்றுதான்.

புதுக் கப்பலில் நிஜமாகவே நல்லது பெயிண்ட். பேலஸ்ட் டேங்கின் கோட்டிங் 15 வருஷம் நிற்கும்படி அடிக்க வேண்டும் என்று 2006இல் சர்வதேச விதி வந்தது. தகட்டு விளிம்பைக்கூட உருட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கூரான விளிம்பில் பெயிண்ட் நிற்காது, துரு அங்கேதான் பிள்ளையார் சுழி போடும்.

ஜூன் 8, இரவு 10.00

"அப்படியானால் அளந்துவிட்டால் தெரிந்துவிடுமே, பிறகு எப்படி ஒடிகிறது?" என்று கேள்விக்காரரே கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தூங்கவிடாத கேள்வியும்.

கனம் அளக்கும் மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் வைத்த இடத்துக்கு மட்டும்தான் சொல்லும். சத்தம் தகட்டுக்குள் போய் மறுபக்கத்தில் மோதித் திரும்பும் நேரம்தான் அளவு. மறுபக்கம் குண்டும் குழியுமாக இருந்தால் சத்தம் சிதறிவிடும், எண் வராது. எண் வராவிட்டால் என்ன செய்வோம்? புரோபை அரை இஞ்சு நகர்த்துவோம். வராதா, இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒரு நல்ல இடத்தில் எண் விழும், அதை எழுதுவோம். கெட்ட இடம் தானாகவே பட்டியலிலிருந்து நழுவிவிடும். யாரும் ஏமாற்றவில்லை.

பழைய மீட்டரில் இன்னொன்று. பெயிண்ட் மேலேயே வைத்தால் பெயிண்டையும் இரும்பாக எண்ணும், அதுவும் ரெண்டு மடங்குக்கு மேல், ஏனென்றால் பெயிண்டில் சத்தம் மெதுவாகப் போகும். 0.3 மில்லி பெயிண்ட் முக்கால் மில்லி இரும்பாகத் தெரியும். ரெண்டு கோட்டிங் கூடப் போட்டால் கப்பல் இளமையாகிவிடும்.

ஜூன் 9, விடிகாலை 4.20

4ஆம் தேதி "மேல் வரிசைவரை அளந்து முடிப்போம்" என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை.

ராஃப்டைக் கடைசிவரை ஏற்ற முடியாது. டெக்குக்கு அடியில் ஆழமான குறுக்குச் சட்டங்கள் உண்டு, வெப்பு என்போம். தண்ணீர் அவற்றின் விளிம்புக்கு ஒரு மீட்டரைவிடக் கிட்டே நெருங்கிவிட்டால் ரெண்டு வெப்புக்கு நடுவில் ராஃப்டோடு சிக்கிக்கொள்வோம், வெளியே வர வழி இருக்காது. அதனால் நிறுத்தியே ஆக வேண்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது. நிறுத்தினால் டெக்கின் அடிப்பக்கம் தலைக்கு மேலே ரெண்டு ஆள் உயரத்தில் நிற்கும். அங்கே போக ஸ்டேஜிங், அதாவது சாரம், கட்ட வேண்டும். ஸ்டேஜிங் என்றால் ரெண்டு நாள், கூலி, கப்பல் சும்மா நிற்கும் நஷ்டம்.

எனக்கு அப்போது 26 வயது. கப்பல் பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். எங்கள் சீனியர் ராஃப்டில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏலே, மேல எட்டாதுல்லா. பக்கத்து வரிசை என்ன வந்துச்சோ அதுல புள்ளி ரெண்டு, புள்ளி மூணு முன்னப்பின்ன போட்டு எழுது. ஒரே மாதிரி போட்டிராத, சந்தேகம் வரும்."

எழுதினேன். 13.2, 13.4, 13.1. கையெழுத்துக்கூட நன்றாக இருந்தது. வட்டம் மட்டும் போடவில்லை, போடவும் முடியாது, அங்கே கையே போகவில்லை. சர்வேயர் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரும் ராஃப்டில் ஏறவில்லை.

அந்தக் கப்பல் மூழ்கவில்லை. ஆறேழு வருஷம் ஓடி, கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலாங்கில் கரையேறியது. அங்கே வெட்டின தகட்டை யாராவது ஓரத்தில் நின்று அளந்திருந்தால் 13.2 இருந்ததா, 9 இருந்ததா என்று தெரிந்திருக்கும். வெட்டித் தூக்கி உருக்காலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று மனைவி கேட்கிறாள். ஆகவில்லைதான்.

ஜூன் 9, மாலை 6.40

காலையில் எழுதியதை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நாலைந்து பேர் அதற்குக் கீழே "நாங்களும்" என்று எழுதிவிட்டார்கள். இருக்கட்டும்.

பழைய மேட் மட்டும் திட்டியிருக்கிறார். "உன் 13.2ஐ நம்பித்தான் நான் மூணு குளிர்காலம் வட அட்லாண்டிக் போனேன்." அந்தக் கப்பலில் அவர் இருந்திருக்கமாட்டார். ஆனாலும் சரிதான்.

ஜூன் 11, இரவு 9.30

பழி முழுக்கச் சீனியர்மேல் போட முடியாது. டிரை டாக்கில் இரும்பை மாற்றுவது டன் கணக்கில் நடக்கும் பேரம். நாங்கள் கொடுத்த எண்ணை வைத்து 18 டன் வெட்டி மாற்ற வேண்டும் என்று ஒருதடவை வந்தது. உரிமையாளர் தரப்பு ஆள் கால்குலேட்டரோடு வந்தார். "இந்த வரிசை எல்லைக்கு உள்ளதானே இருக்கு, அடுத்த டாக்கில் பாத்துக்கலாம்." 18 என்பது 12 ஆனது. எல்லைக்கு உள்ளே என்பது உண்மைதான், அன்றைக்கு. அனுமதித்த தேய்மானத்தில் முக்கால் பங்குக்கு மேல் போன தகட்டை கணிசமான துரு என்று குறித்து, அடிக்கடி பார்க்க வேண்டும் என்று ஒரு வகையே உண்டு. அந்த வகையில் தள்ளிவிட்டால் இரும்பு வாங்க வேண்டாம், கவனித்தால் போதும். யார் கவனிப்பது? ரெண்டு வருஷத்தில் மேட் நாலு பேர் மாறியிருப்பார்கள்.

சரக்குக் கூலி ஏறினால் கிழக் கப்பலும் ஓடும். கூலி இறங்கி இரும்பு விலை ஏறினால் 20 வயதுக் கப்பலும் அலாங் போகும். வயதைத் தீர்மானிப்பது துருவைவிடச் சந்தை.

ஜூன் 12, காலை 7.10

ஆகக் கடைசியில் ஏறலாமா, வேண்டாமா என்று கேள்விக்காரர் பொறுமையிழந்து கேட்கிறார்.

ஏறலாம். நன்றாக வைத்திருந்த 24 வயதுக் கப்பல், பராமரிக்காத 12 வயதுக் கப்பலைவிட மேல். போன முதல் வாரத்திலேயே கண்ணில் படும். ஹேட்ச் கவர் ஓரத்து ரப்பரும் அது உட்காரும் இரும்பும் எப்படி இருக்கின்றன, டெக்கில் காற்றுக் குழாய்களின் தலை துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடக்கிறதா, தகட்டுமேல் தகடு வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்களா, எங்கேயாவது சிமெண்ட் பெட்டி கட்டியிருக்கிறார்களா. சிமெண்ட் என்றால் அடியில் ஓட்டை. பளபளவென்று புதுப் பெயிண்ட் என்றால் விரலால் அழுத்திப் பார்க்கட்டும், அடியில் பொருக்கு நொறுங்கும்.

ஜூன் 29, இரவு 11.20

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். தம்பி கப்பலில் ஏறி ரெண்டு வாரம் ஆகிறதாம். அவன் குரல் பதிவைக் கேள்விக்காரர் எனக்கு அனுப்பியிருந்தார். நல்ல பையன், பெயிண்டெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறான். ஹேட்ச் கவர் நன்றாக இருக்கிறது, சிமெண்ட் பெட்டி இல்லை, கோட்டிங் சுமார். சாப்பாடு மோசம்.

மேட்டோடு, டெக்குக்கு அடியில் பக்கவாட்டில் இருக்கும் டாப்சைட் டேங்குக்குள் போனானாம், பெர்மிட் போட்டு, மீட்டரை அடிவரை இறக்கிப் பார்த்துவிட்டு. சுவரில் வரிசையாக வெள்ளை வட்டங்கள், உள்ளே எண்கள், நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது அண்ணாச்சி என்கிறான். டெக்குக்கு அடியில் கடைசி வரிசையில் மட்டும் மூணு வட்டம் காலியாக இருக்கிறதாம். வட்டம் போட்டிருக்கிறார்கள், எண் இல்லை. ஏன் என்று கேட்கிறான்.

கை அங்கே போயிருக்கிறது, அதுவரை சந்தோஷம். எண் விழாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் மறுபக்கம் குழி. இல்லையென்றால் மார்க்கர் அழிந்திருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். பதில் அனுப்பியிருக்கிறேன்: கேஜிங் ரிப்போர்ட் மேட் அறையில் கோப்பில் இருக்கும். நல்ல மூடில் இருக்கும்போது கேட்டு வாங்கி, அந்த மூணு இடத்துக்கு நேரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லு.